நம் வாசலில் தொடங்கும் தென்பெண்ணை

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளிடம் "உன் ஊர் ஆறு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "காவிரி" என்று சட்டென்று பதில் வரும். குழாயில் வருவது காவிரித் தண்ணீர். ஆகவே அந்த விடையைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் காவிரி இந்நகரைத் தொடுவதே இல்லை. நகரின் கிழக்குப் பாதியில் பெய்யும் மழை போய்ச் சேரும் ஆறு தென்பெண்ணை. கன்னடத்தில் அதன் பெயர் தட்சிண பினாகினி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கு மலைத்தொடரை ஒட்டிய காட்டுப் பகுதியைக் கன்னடர் மலெநாடு என்பர். அதற்குக் கிழக்கே மரம் குறைந்து, பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளி பயலுசீமெ. பயலு என்றால் திறந்தவெளி. சீமெ நம் சீமைதான். இந்தச் சமவெளியில் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் பெங்களூர் அமர்ந்திருக்கிறது. வடக்கே 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை. அந்த வட்டாரத்தில் அருகருகே பிறக்கும் ஆறுகள் திசைக்கொன்றாகப் பிரிந்துவிடுகின்றன. வட பெண்ணை ஆந்திரத்துக்குப் போய் நெல்லூர்ப் பக்கம் கடலை அடைகிறது. அர்க்காவதி தெற்கே இறங்கிக் காவிரியில் கலக்கிறது. தென்பெண்ணையோ ஹொசகோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோயிலூர் வழியாக 400 கிலோமீட்டருக்குமேல் நடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது.

பெங்களூர் நகரம் ஓட்டு வீட்டுக் கூரையின் முகட்டைப் போன்றது. மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி வழியே அர்க்காவதிக்குப் போகும். கிழக்குச் சரிவில், நம்மவர் பலர் தலைமுறைகளாக வாழும் அல்சூரின் ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின் தென்பெண்ணைக்கும் போகும். வற்றாத ஆறு இல்லாத மேட்டில் ஊர் அமைத்தவர்கள், ஏரிக்குக் கீழ் ஏரியாகச் சங்கிலி கோத்து மழையைப் பிடித்து வைத்தார்கள். காடுகோடியில் கி.பி. 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த, இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பட்டந்தூர் ஏரியைக் கட்டி, மதகு அமைத்த செய்தியை அது சொல்கிறது. இன்று கணினி நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் ஒயிட்ஃபீல்டில்தான் அந்தப் பட்டந்தூர் இருக்கிறது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வழியிலேயே கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுத் தமிழ் எழுத்து இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு நிலையத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1864இல். அந்தப் பாதை ஒயிட்ஃபீல்டுக்கும் தேவன்கொந்திக்கும் இடையே தென்பெண்ணையைக் கடக்கிறது. பாலங்களைப் பார்த்துப் பார்த்தே வயதானவன் நான், ஆனாலும் இந்த இடத்தில் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து "இதுவா பெண்ணையாறு!" என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஓடை போலத்தான் தெரியும்.

வர்த்தூர் நீர் வந்து சேர்வது இந்தப் பாலத்துக்குத் தெற்கே. அங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது. காவிரித் தண்ணீர் 1974 முதல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்நகருக்கு வருகிறது. நாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிவிட்ட அந்த நீர் திரும்பவும் காவிரிக்கே போகிறது என்று நினைக்கிறோம். மேற்குச் சரிவில் அது சரி. கிழக்குச் சரிவில் இருப்பவர் வீட்டுக் கழிவுநீரோ பெண்ணையின் பக்கம் இறங்குகிறது. எந்த ஒப்பந்தமும் போடாமல், ஒவ்வொரு நாளும் காலையில் நாம் செய்யும் நதிநீர் இணைப்பு இது!

அந்த நீர் எப்படிப் போகிறது என்பதுதான் கவலை. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பற்றியது. சோப்பு நுரை சாலைவரை பறந்தது. ஓசூருக்கு அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் மழைக்காலங்களில் பொங்கும் வெண்ணுரையைச் செய்தித்தாள் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதைத் தங்கள் வாய்க்கால்களில் வாங்கிக்கொள்பவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகள். நம்மில் சிலருடைய தாய்மாமன் வயலும் அங்கே இருக்கலாம். 2018 முதல் நகரக் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. சுத்திகரிப்பு இன்னும் ஒரு படி கூடினால் மேலும் நல்லது என்பது என் எண்ணம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் எழுதியிருக்கும். பகல் வண்டியாக இருக்கட்டும். தண்டு நிலையத்தில் தொடங்கிக் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் குறித்துக்கொண்டே வரட்டும். குப்பம் தாண்டியதும் எண்கள் மளமளவென்று இறங்கும். மேட்டுச் சமவெளி முடியும் இடம் அது. ஒயிட்ஃபீல்டை விட்டதும் கிழக்கே வரும் அந்தச் சிறிய பாலத்தையும் அதே நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.