மருத்துவ ஆய்வும் தரவுப் பேணலும்

முன்னுரை

ஓர் ஆய்வின் மதிப்பு அதன் முடிவில் மட்டும் அடங்குவதன்று. அம்முடிவுக்குக் கடைக்காலாக அமைந்த தரவுகளிலும் அடங்கியுள்ளது. மருத்துவத் துறையில் தரவு என்பது வெறும் எண்ணன்று; ஒரு மனிதர் தம் உடலால் அளித்த சான்று. அச்சான்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்றன் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மின்னசோட்டா ஆய்வு

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஐவன் பிரான்ட்ஸ் 1968 முதல் 1973 வரை பெரியதோர் உணவாய்வை நடத்தினார். விலங்குக் கொழுப்பை நீக்கி மக்காச்சோள எண்ணெயைச் சேர்த்தால் இதயநோய் குறையுமா என்பதே வினா. அம்மாநில மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் காப்பகத்திலும் வாழ்ந்த 9,423 பேர் அதில் இடம்பெற்றனர்.

1989இல் வெளியான கட்டுரை அவ்வாய்வின் ஒரு பகுதியையே கூறிற்று. 2009இல் பிரான்ட்ஸ் மறைந்தார். பின்னர் அவர் மகன் குடும்ப வீட்டின் நிலவறையில் காந்த நாடாக்களையும் தாள்களையும் கண்டெடுத்தார். கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் குழுவினர் அவற்றை மீட்டு ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். எண்ணெய் உண்டோரின் குருதிக் கொலஸ்டிரால் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் இறப்பு குறையவில்லை.

இவ்வொன்றைக் கொண்டே உணவுக் கொள்கையை மாற்றிவிடல் பொருந்தாது. நெடுங்காலம் அவ்வுணவை உண்டவர் சிலரே. மேலும், 295 பிணக்கூறாய்வுகளுள் 149இன் பதிவுகளே கிடைத்தன. எஞ்சியவையும் கிடைத்திருப்பின் விடை இன்னும் தெளிவாயிருக்கும். இழந்த தாள்களை இனி எந்த அறிஞராலும் ஈடுசெய்ய இயலாது.

விதிகள் கூறுவன

இத்தகைய இழப்பைத் தடுப்பதற்கே தரவு மேலாண்மைக் கொள்கைகள் தோன்றின. எவற்றைத் திரட்டுவது, எங்கே சேமிப்பது, எத்துணை ஆண்டு காப்பது, யாருக்கு வழங்குவது என்பவற்றை ஆய்வு தொடங்குமுன்பே வரையறுத்தல் அவற்றின் சாரம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023 சனவரி 25 முதல் நிதி வேண்டும் விண்ணப்பத்துடனேயே அத்திட்டத்தையும் கேட்கின்றன. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நோயாளிகள் பற்றிய ஆய்வுத் தரவுகளை ஆய்வு முடிந்தபின் 20 ஆண்டுகளேனும் காக்குமாறு கூறுகிறது.

சேமித்தல் மட்டும் போதாது. குறியீடுகளின் பொருளை விளக்கும் அகராதி இல்லையேல் தரவு ஊமையாகிவிடும். பழைய நாடாவைப் படிக்கும் கருவி மறையின், நாடா இருந்தும் பயனில்லை. ஆதலின் காலந்தோறும் புதிய வடிவுக்கு மாற்றுதலும் பேணலின் பகுதியேயாகும்.

இருவேறு கடமைகள்

தரவைப் பகிர்தல் ஒரு கடமை. நோயாளியின் மறைவடக்கத்தைக் காத்தல் மற்றொரு கடமை. பெயரை நீக்கினாலும் பிறந்த நாள், ஊர், அரிய நோய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் காணக்கூடும். எனவே சில தரவுகளை அனைவர்க்கும் திறந்து வைக்காது, தகுதியுடைய ஆய்வாளர்க்கு உறுதிமொழி பெற்று வழங்குதலே முறை. நோயாளியிடம் ஒப்புதல் பெறும்போதே இதனையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

முடிவுரை

பேராசிரியர் ஓய்வு பெறுவார்; மாணவர் பட்டம் பெற்று வெளியேறுவார்; நிறுவனமே நிலைத்து நிற்கும். ஆதலின் தரவின் காவலர் தனி ஒருவராக இருத்தல் தகாது. பல்கலைக்கழகமே அப்பொறுப்பை ஏற்றல் வேண்டும். மின்னசோட்டாவில் மருத்துவமனைச் சுவர்களுக்குள் வாழ்ந்தோர் அளித்த சான்று பல்லாண்டுகள் ஒரு வீட்டின் நிலவறையில் கிடந்தது. அது மீண்டது ஒரு மகனின் கவனத்தால். விதியின் வலிமையால் அன்று. இன்று ஆய்வேட்டைத் தொடங்கும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.