உரசாமல் ஆடலாம் ஹேண்ட்பால்

போட்டி ஹேண்ட்பாலில் குறுக்கே நின்று மறிப்பதும் தோளால் நெருக்குவதும் சகஜம். ஆனால் பிள்ளைகளும் நாற்பதைத் தாண்டியவர்களும் கலந்து ஆடும்போது அது வேண்டவே வேண்டாம். விதியைக் கொஞ்சம் மாற்றினால் போதும், சுவை குறையாது.

முறையான ஆட்டத்துக்கு அணிக்கு 7 பேர், 40க்கு 20 மீட்டர் களம். பொழுதுபோக்குக்கு அணிக்கு 5 பேரும் ஒரு பாஸ்கெட்பால் தளமும் தாராளம்.

பந்து வைத்திருப்பவரிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளியே நில்லுங்கள். கையிலிருக்கும் பந்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது. காற்றில் போகிற பந்தை மட்டும் இடைமறிக்கலாம். பந்து வைத்திருப்பவரும் எதிராளி மேல் பாயக் கூடாது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பந்தோடு 3 எட்டு, கையில் 3 விநாடி என்ற மூல விதி அப்படியே இருக்கட்டும். தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதை மட்டும் விலக்கினால் மோதல் இன்னும் குறையும்.

கோலுக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு வளைவு வரையுங்கள். கோல்கீப்பர் தவிர யாரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. எறியும் பந்து தரையில் ஒருமுறை குத்தித்தான் கோலுக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அவர் முகம் தப்பும்.

உரசல் இல்லாத ஆட்டத்திலும் விரல் சுளுக்கும். பந்து வரும்போது விரல்களை விரித்து, இரு கட்டைவிரல்களையும் நெருக்கி வைத்து, பந்தோடு கையை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். மென்மையான பந்தே நல்லது. களத்தில் இறங்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.