வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் இளம் நாய்: மூத்தோருக்கான ஒரு பாடம்

தோட்டத்து லயத்தில் நாய் வளர்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. நாய் வாசலில் படுத்தது, செம்பனைக் காட்டுப் பக்கம் போய்க் கழித்துவிட்டு வந்தது. இன்று ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா தாமான் வீடுகளில் முன்னாலும் பின்னாலும் சிமெண்டுத் தரைதான். கேட்டும் பூட்டியே இருக்கிறது. பிள்ளைகள் வாங்கி வந்த நாய்க்குட்டியை, அவர்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் பார்த்துக்கொள்பவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான்.

குட்டிக்கு ஆறு, ஏழு மாதம் ஆகியும் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், “எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை” என்று மனம் சலித்துவிடும். சிலர் அடிக்கிறார்கள். சிலர் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். சிலர் தோட்டத்து ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இவற்றால் சிக்கல் தீராது. நாய் பிடிவாதத்தால் அப்படிச் செய்வதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரிந்தால் பழக்குவது எளிது.

இது ஏன் உங்கள் உடல்நலம் பற்றியது?

வழுக்கி விழுதல். மொசைக் தரையில் சிந்திய சிறுநீர் கண்ணுக்குத் தெரியாது. இரவில் கழிவறைக்குப் போகும்போது வழுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம்.

எலிச் சிறுநீர் நோய் (லெப்டோஸ்பைரோசிஸ்). எலியிடமிருந்து இந்தக் கிருமி தொற்றிய நாயின் சிறுநீரிலும் அது வெளியாகும். தோலில் உள்ள காயம், கண், வாய் வழியாக மனித உடலுக்குள் நுழையும். மலேசியாவில் 2010 முதல் இந்நோயைச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காலில் காயம் இருப்பதே தெரியாமல் போகலாம். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புழுக்கள். குட்டிகளின் மலத்தில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகள் இருக்கலாம். புதிய மலத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை உடனே நோய் தராது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். கொக்கிப்புழுவோ ஈரமான சூடான மண்ணில் ஒரு வாரம் அளவிலேயே குஞ்சு பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைக்கும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் இரண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: நாய் எப்போது சாப்பிட்டது, எங்கே கழித்தது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. பிறகு கீழே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• அதிக நேரம் அடக்க வேண்டியிருந்ததா? குட்டி எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் அதனால் அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரமே அதிகம்.
• அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறதா? முக்குகிறதா? இரத்தம் தெரிகிறதா? சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கலாம். மலம் இளகிப் போனால் புழுவாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்துதான் தேவை, பயிற்சி உதவாது.
• யாராவது குனிந்து தடவும்போதோ, சத்தம் போடும்போதோ உடலைச் சுருக்கிக் கழிக்கிறதா? அது பயம். திட்டத் திட்ட அதிகமாகும்.
• ஆறு மாதத்திற்கு மேற்பட்ட ஆண் நாய், சுவர், நாற்காலிக் கால் என்று காலைத் தூக்கிச் சிறிதளவு விடுகிறதா? அது எல்லை குறிக்கும் பழக்கம். கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலும் குறையும்.
• எப்போதும் ஒரே மூலைதானா? பழைய வாடை அங்கே இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு வாரப் பயிற்சி

1. ஒரே இடம். வீட்டின் பின்புறம் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். முட்டி வலியால் தெருவுக்குப் போக முடியாதவர்களுக்குப் பின்கட்டே போதும். இன்று பின்கட்டு, நாளை கூடத்தில் பழைய நாளிதழ் என்று மாற்றினால் குட்டி குழம்பிவிடும்.

2. ஒரே நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணி நேரத்திற்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் கயிற்றில் பிடித்து அங்கே அழைத்துப் போங்கள். சாப்பாட்டை நாள் முழுக்கத் தட்டில் விடாமல், நேரப்படி வையுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

3. உடனே பாராட்டு. கழித்து முடித்த கணமே, அங்கேயே ஒரு சிறு துண்டு எலும்பில்லாத வேகவைத்த கோழி கொடுத்து, “நல்ல பிள்ளை” என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது அதற்குப் புரியாது.

4. கழிக்கவில்லையா? ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே கூட்டி வந்து, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் மீண்டும் அழைத்துப் போங்கள். கயிறு உங்கள் காலில் சுற்றிக்கொள்ளாமல் பாருங்கள்.

5. கண்ணெதிரே உள்ளே கழித்தால் ஒரு முறை மெல்லக் கைதட்டி வெளியே கூட்டிப் போங்கள். பிறகுதான் கண்டீர்கள் என்றால், பேசாமல் துடைத்துவிடுங்கள்.

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது வேண்டாம். அடி வாங்கிய குட்டி “உள்ளே கழிக்கக் கூடாது” என்று கற்பதில்லை. “இவர் கண்ணில் படாமல் கழிக்க வேண்டும்” என்றுதான் கற்கிறது. பிறகு கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் கழிக்கும். பயந்த நாய் கடிக்கவும் கூடும்.

துடைக்கும் முறை

• செருப்பும் கையுறையும் போடுங்கள். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள்.
• கிருமி நீங்க, நன்றாக அலசிய பிறகு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். குளோரோக்ஸை நேராகச் சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள்; மூச்சுத் திணறவைக்கும் வாயு உண்டாகும். மற்ற துப்புரவு மருந்துகளோடும் கலக்காதீர்கள்.
• அமோனியா கலந்த தரை மருந்து வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடை போலவே இருப்பதால் நாய் அங்கேயே திரும்பி வரும். வாடையை அடியோடு நீக்கும் என்சைம் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.
• தரை காயும்வரை அந்தப் பக்கம் நடக்காதீர்கள்.
• மலத்தை லோங்காங்கில் தள்ளாமல், பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

யாரிடம் போவது?

நாய்க்கு: இரண்டு வாரம் ஒழுங்காகப் பழக்கியும் மாற்றமில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் அறிகுறி தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். புழு மருந்து, எலிச் சிறுநீர் நோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். நாய் உரிமம் உங்கள் வட்டார ஊராட்சி மன்றத்தில் பெறலாம்.

உங்களுக்கு: காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றே சுகாதார கிளினிக்கிற்குப் போய், “வீட்டில் நாய்ச் சிறுநீரைத் துடைத்தேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமி நுழைந்து 2 முதல் 30 நாள்களுக்குள் அறிகுறி தோன்றலாம்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காதீர்கள். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் தலைகாட்டியது. “நம் வீட்டு நாய்தானே” என்று சிறு கீறலையும் விட்டுவிடக் கூடாது.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. என் நாய் எந்த நேரத்தில், எந்த இடத்தில் கழிக்கிறது என்று எழுதி வைத்தேனா?
2. நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டேனா?
3. இன்று வெளியே கழித்தபோது உடனே பாராட்டினேனா?
4. செருப்பும் கையுறையும் இல்லாமல் துடைத்தேனா?

முதல் மூன்றுக்கும் “ஆம்”, நான்காவதற்கு “இல்லை” என்பது உங்கள் பதிலானால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். இடையில் ஓரிரு நாள் தவறினாலும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தாளைப் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றினால்தான் குட்டி கற்றுக்கொள்ளும்.