584 மீட்டர்

சிரஞ்சீவி சுந்தரத்துக்கு,

மோதலுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சாத்தியம் இருக்கிறதென்றால், இந்தச் சொற்ப அபாயத்துக்காக மனிதர் குடியிருக்கும் விண்வெளி நிலையத்தையே நகர்த்துவானேன் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான், ஆயினும் அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் விசாரிப்போம்.

2009-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கக் கம்பெனியொன்றின் இரிடியம் 33 என்ற உபகிரகமும், பல வருஷங்களுக்கு முன்பே செயலற்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த ருஷ்யாவின் காஸ்மாஸ் 2251-ம், விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதிச் சிதறின. பகிரங்கமாகக் கிடைத்த சுற்றுப்பாதைக் குறிப்புகளைக் கொண்டு போட்ட கணக்கோ, அவை 584 மீட்டர் இடைவெளியில் விலகிச் செல்லும் என்றே சொல்லியிருந்தது. இதனினும் நெருங்கிய சந்திப்புகள் அந்த வாரத்துப் பட்டியலில் இருந்தபடியால், இதைத் தனியே பொருட்படுத்த ஏதுவில்லாமற் போயிற்று.

ராடார் கண்டு சொல்லும் இடம் ஒரு புள்ளியன்று. சூரியனின் உக்கிரத்துக்கு ஏற்ப மேல் வாயுமண்டலம் விரிந்தும் சுருங்கியும் உபகிரகத்தை இழுப்பதால், முன்கூட்டிக் கணிக்கும் நாள் கூடக்கூட, அது இருக்கக்கூடிய பிரதேசம் பாதையின் நெடுகிலும் நீண்டுகொண்டே போகிறது. இரு பொருள்களின் பிரதேசங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, அவை முட்டிக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று கணிப்பதே மோதலின் சாத்தியம்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. இரண்டின் உருவத்தையும் சேர்த்து 10 மீட்டர் ஆரமென்று வைத்துக்கொள்; இடைவெளி அதே 584 மீட்டர். பிழையின் பரவல் எப்பக்கமும் 100 மீட்டரானால் சாத்தியம் ஏறக்குறைய சூன்யம். 400 மீட்டரானால் பத்தாயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அளவை இன்னும் மோசமாகி 5 கிலோமீட்டரானாலோ, ஐந்து லட்சத்தில் ஒன்றாய்ச் சுருங்கிவிடுகிறது! நம் அறியாமை பெருகப் பெருக, அபாயம் கடலில் கரைத்த பெருங்காயமாய்க் கணக்கிலிருந்து மறைகிறதே தவிர, உபகிரகத்துக்கு அதனால் ஒரு க்ஷேமமும் உண்டாவதில்லை. சிறிய எண்ணைக் கண்டு நிம்மதி கொள்ளும் அதிகாரிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆகையால், விண்வெளி நிலையத்தைக் காப்பவர்கள் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், சந்திப்பு நேரம் நெருங்க நெருங்கப் புதிய ராடார் அளவைகளைச் சேர்த்துப் பிழையைக் குறுக்குகிறார்கள். நன்றாகக் குறுக்கிய பின்னும் பத்தாயிரத்தில் ஒன்று நிற்குமானால், அது மெய்யான அபாயம். சில மணி நேரம் முன்னதாகவே எஞ்சினைச் சிறிது முடுக்கி நிலையத்தை விலக்கிவிடுகிறார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளோ பெரும்பாலும் பட்டியலிலேயே ஏறுவதில்லை. அவற்றுக்கு வேறு உபாயம் வேண்டும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா