மணமின்றி இணைந்து வாழ்வோரும் ஒப்பந்தச் சட்டமும்

கொல்கத்தாவின் எதிர்க்கரையில், ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த சாந்த்ராகாச்சியில், மணம் செய்துகொள்ளாத ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடியேறுகின்றனர் எனக் கொள்வோம். இருவரும் வயது வந்தோர். வேறு மணபந்தம் அற்றவர். தனித்தனியே ஊதியம் பெறுவோர். வாடகை, முன்பணம், பின்னர் வாங்கவிருக்கும் வீடு ஆகியன குறித்து உடன்படிக்கை எழுதிக்கொள்ள விரும்புகின்றனர். அது செல்லுமா?

முத்திரைத்தாளில் எழுதப்பட்டதாலேயே ஓர் உடன்படிக்கை செல்லத்தக்கதாகிவிடாது. ஒழுக்கத்திற்கோ பொதுக்கொள்கைக்கோ மாறான நோக்கமுடையது செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. குஜராத்தில் ஒருகாலத்தில் பரவிய 'மைத்ரி கரார்' என்னும் நட்பு ஒப்பந்தம் இவ்வகையில் நல்ல பாடமாகும். மனைவி உள்ள ஆடவர், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தடுத்த இரண்டாம் மணத்திற்கு மாற்றாக இதனைக் கையாண்டனர். அந்தத் தாளை நம்பிய பெண்ணுக்கு மனைவியின் உரிமை எதுவும் கிட்டவில்லை.

நமது எடுத்துக்காட்டில் அத்தகைய தடை இல்லை. எனினும், இணைந்து வாழ்வதற்குக் கைம்மாறாகப் பணம் என எழுதினால் ஆட்சேபம் எழக்கூடும். ஆகவே உடன்படிக்கையைச் செலவு, பொருள், கடன் என்னும் அளவில் நிறுத்துவதே விவேகம்.

உண்மையான இடர் வீட்டில்தான் உள்ளது. ஒருவர் பணம் செலுத்தி மற்றவர் பெயரில் சொத்து வாங்குவதை 1988ஆம் ஆண்டு பினாமிச் சட்டம் தடுக்கிறது. கணவன், மனைவி பெயரில் வாங்குவதற்கு அச்சட்டம் அளிக்கும் விலக்கில் மணமாகா இணையர் இடம்பெறவில்லை. பெண் தன் சேமிப்பைக் கொடுத்து, பத்திரம் ஆண் பெயரில் மட்டும் இருந்தால், பிரிவின்போது அவள் நிலை இரங்கத்தக்கது. எனவே கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரும், அவரவர் பங்கும் குறிக்கப்படுதல் வேண்டும். பங்கு குறிக்காவிடின், தனித்தனியே செலுத்திய தொகையின் விகிதப்படி உரிமை அமையும் எனச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது. தொகைக்குச் சான்று இல்லையேல் சமபங்கு எனக் கருதப்படும். வங்கி வழியே பணம் செலுத்துவது இதனாலும் நன்று.

உடன்படிக்கைக்கு அப்பாற்பட்ட பாதுகாப்பும் உண்டு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், 'திருமணத்தின் இயல்புடைய உறவில்' வாழும் பெண்ணுக்கும் பொருந்தும். கோவையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் வகுத்தது: சமூகத்தின் முன் இணையராகத் தோன்றுதல், மணவயது, மணம் புரியத் தகுதி, கணிசமான காலம் விரும்பி இணைந்து வாழ்தல். அச்சட்டப்படி நிவாரணம் வழங்கும் நடுவரின் அதிகாரத்தை இருவரும் கையெழுத்திட்டு நீக்கிவிட இயலாது.

உத்தரகாண்ட் 2025 ஜனவரி முதல் இத்தகைய உறவைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. ஆனால் இறப்பிற்குப் பின் எழும் கேள்வி தனியானது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மணமாகா இணையர் இல்லை. இரு சாட்சிகள் சான்றளித்த உயில் ஒன்றை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வைத்தாலன்றி, இறந்தவரின் பங்கு அவருடைய உறவினரையே சேரும்.