'ரன்': ஓடிக்கொண்டே இருக்கும் சொல்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் எழுதப்படும் சொல் 'ரன்'. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் அண்மைத் திருத்தப் பணியில் இதன் வினை வடிவத்திற்கு மட்டும் 645 பொருள்கள் வகுக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்தது 'செட்' என்னும் சொல். அந்த முதலிடம் இப்போது 'ரன்' வசமாயிற்று.

கால்களால் விரைதல், நீர் பாய்தல் ஆகிய பொருள்கள் இச்சொல்லுக்குத் தொன்மையானவை. ஆறு 'ரன்' ஆகிறது. சளி பிடித்தவரின் மூக்கும், நனைந்த துணியின் சாயமும் அவ்வாறே. இயந்திரங்கள் பெருகியபோது அவற்றின் இயக்கத்தையும் இச்சொல்லே ஏற்றது. பின்னர்க் கணினி நிரலுக்கும் அதுவே பொருந்தியது. இருக்கையை விட்டு எழாமலே கடையை நடத்தும் முதலாளியின் செயலும் 'ரன்'தான்! அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்', பிரிட்டனில் 'நிற்கிறார்'. தமிழரும் தேர்தலில் 'நிற்பதாகவே' கூறுவர்.

தமிழின் 'ஓடு' என்னும் வினையும் இத்தகையதே. கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. ஆயினும் இரு சொற்களின் கிளைகளும் எங்கும் ஒத்துச் செல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இதுவே. 'பேங்க் ரன்' என்பது வங்கி ஓடுவதன்று. வங்கி நொடித்துவிடும் என்னும் அச்சத்தால் வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் திரண்டு பணத்தைத் திரும்பப் பெறுதல். அதனை 'வங்கி இயங்குகிறது' எனப் பெயர்த்தால், பேரிடர்ச் செய்தி நற்செய்தியாகிவிடும். போதாக்குறைக்கு, 'பேங்க்' என்பதற்கு ஆற்றங்கரை என்னும் பொருளும் உண்டு.

இச்சிக்கலைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்னும் பெயரால் ஆராய்கிறது. வினையால் பொருள் வேறுபடுவது, வேறுபடாதது என அதனை இருவகைப்படுத்துகிறது. 'மா பூத்தது' என்றால் மரம்; 'மா ஓடியது' என்றால் விலங்கு. இங்கு வினையே பொருளைக் காட்டிவிடுகிறது. 'மா வீழ்ந்தது' என்னும்போதோ வினை உதவவில்லை. மரமும் வீழும், விலங்கும் வீழும். 'ரன்' என்பதில் ஐயத்திற்கு இடமாவது வினையேயாதலால், அங்கு எழுவாயே பொருளைக் காட்ட வேண்டியுள்ளது: ஆறா, மூக்கா, வேட்பாளரா, வங்கியா?