ஓதம் ஏறிய பழைய சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

பனமலை தாளகிரீசுவரர் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்து உமை ஓவியம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகச் சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான் நிற்கிறது. செஞ்சிப் பக்கம் பாட்டன் காலத்து வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடி கையில் ஒட்டும்.

முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள்: உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், சுவரோரம் தேங்கும் தண்ணீர். பிறகு செங்கல்களுக்கு இடையே உள்ள பழைய சாந்தை உளியால், இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். மின்சார அறுப்பான் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். இடுக்கை நனைத்து, நன்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்த சாந்தை அழுத்தி அடையுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம்.

வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரமாவது நனைத்து வாருங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். விரிசல் அகலமாகிக்கொண்டே போனாலோ சுவர் பிதுங்கினாலோ பூச்சு உதவாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.